கோவாவின் பாம் ஜீசஸ் தேவாலயத்துக்கு மட்டும் ஏன் வெள்ளையடிப்பதில்லை? 70 ஆண்டு விவாதத்தின் பின்னணி

கோவாவுக்குப் போனவர்களின் போனில் இந்தப் படம் கட்டாயம் இருக்கும். பழைய கோவாவில், செங்காவி நிறத்தில், கல் கல்லாகத் தெரியும் சுவர்களோடு நிற்கும் பாம் ஜீசஸ் பசிலிக்கா. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனால் சே கதீட்ரலும் புனித பிரான்சிஸ் அசிசி தேவாலயமும் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. கிட்டத்தட்ட ஒரே காலத்து ஊர், ஒரே கல், ஒரே மழை. ஆனால் ஒன்று மட்டும் வேறு நிறம்.

'இதுதான் ரொம்பப் பழசு போல, அதனால்தான் அப்படியே விட்டுட்டாங்க' என்று நினைத்துக்கொண்டு நாம் அடுத்த பீச்சுக்குக் கிளம்பிவிடுவோம். உண்மை அதற்கு நேர் எதிரானது. அந்தச் 'பழைய' தோற்றத்துக்கு வயது எழுபது சொச்சம்தான். அதற்கு முன் சுமார் மூன்றரை நூற்றாண்டுகள் அந்தச் சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சோடுதான் நின்றன. 1950-களில் அந்தப் பூச்சைத் திட்டமிட்டே உரித்தெடுத்தார்கள்.

இப்போது கேள்வி இதுதான்: திரும்பப் பூச வேண்டுமா, வேண்டாமா? பார்க்கச் சின்ன பெயின்ட் வேலை மாதிரி தெரியும் இந்தக் கேள்விக்குள் கல்லின் அறிவியல், காலனிய அரசியல், யுனெஸ்கோ, மழை எல்லாமே இருக்கின்றன.

முதலில், இந்தக் கட்டடம் எவ்வளவு முக்கியம்?

இயேசு சபைத் துறவிகளுக்காக 1594-ல் கட்டத் தொடங்கி, 1605-ல் அர்ச்சிக்கப்பட்ட தேவாலயம் இது. புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் இங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. தமிழர்களுக்கு சவேரியார் புதியவர் அல்ல. 1540-களில் முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில் பணியாற்றியவர். நாகர்கோவில் கோட்டாறு பேராலயம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1552-ல் சீனக் கடற்கரையை ஒட்டிய ஒரு தீவில் இறந்தார்.

அவர் உடல் இருக்கும் வெள்ளிப் பேழை 17-ம் நூற்றாண்டில் கோவா கைவினைஞர்கள் செய்தது. அது வைக்கப்பட்டிருக்கும் பளிங்கு மேடை இத்தாலியின் டஸ்கனியிலிருந்து வந்தது; 1698-ல் இங்கே பொருத்தப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை உடலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். கடைசியாக நடந்தது 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை.

'கோவாவின் தேவாலயங்களும் மடங்களும்' என்ற பெயரில் 1986-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த கட்டடங்களில் இதுவும் ஒன்று. பராமரிப்பு இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு. ஆனால் உள்ளே தினமும் திருப்பலி நடக்கிறது. அதாவது இது மியூசியமாகிவிட்ட கட்டடம் இல்லை, புழக்கத்தில் இருக்கும் கோயில்.

பூச்சை உரித்தது யார்? ஏன்?

அப்போது கோவா போர்ச்சுகல் வசம் இருந்தது. 1952-ல் சவேரியார் இறந்து 400 ஆண்டுகள் நிறைவதைப் பெரிய விழாவாகக் கொண்டாட சலாசரின் அரசு விரும்பியது. பழைய கோவாவின் நினைவுச் சின்னங்களைச் சீரமைக்கும் பொறுப்பு, போர்ச்சுகல் அரசின் நினைவுச் சின்னத் துறையில் உயர் பதவியில் இருந்த பல்தசார் காஸ்ட்ரோ என்ற கட்டடக் கலைஞரிடம் போனது.

அந்தத் துறைக்கென்று ஒரு பாணி உண்டு. 1929-ல் தொடங்கப்பட்ட அது, போர்ச்சுகலில் பல இடைக்காலத் தேவாலயங்களின் பூச்சையும் பிற்காலச் சேர்க்கைகளையும் நீக்கி, கல் வெளியே தெரியும்படி செய்திருந்தது. அப்படிச் செய்தால்தான் கட்டடம் அதன் 'ஆதி' நிலைக்குத் திரும்புகிறது என்பது நம்பிக்கை. அதே பாணி கோவாவுக்கும் வந்தது.

இதில் அரசியலும் உண்டு என்கிறார்கள் இந்த வரலாற்றை ஆராய்ந்தவர்கள். 1947-க்குப் பிறகு இந்தியா கோவாவைக் கேட்டுக்கொண்டிருந்தது. 'நாங்கள் இங்கே நேற்று வந்தவர்கள் இல்லை, நானூறு ஆண்டுகளாக இருக்கிறோம்' என்று உலகுக்குக் காட்ட போர்ச்சுகலுக்கு ஒரு பழமையான முகம் தேவைப்பட்டது. பளிச்சென்று வெள்ளையடித்த சுவர் அந்த வேலைக்கு உதவாது. கரடுமுரடாகக் கல் தெரிந்தால்தான் பார்க்கிறவருக்குத் 'தொன்மை' புரியும்.

1961 டிசம்பரில் கோவா இந்தியாவோடு சேர்ந்தது. போர்ச்சுகல் போய்விட்டது, உரித்த சுவர் அப்படியே நின்றுவிட்டது.

பூச்சு இல்லாவிட்டால் என்ன? கல்தானே, அது தாங்காதா?

எல்லாக் கல்லும் ஒன்றல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல்லை மனதில் வைத்துக்கொண்டு இந்தச் சுவரைப் பார்க்கக் கூடாது. பாம் ஜீசஸின் சுவர் லேட்டரைட். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் செம்புராங்கல் என்பார்கள், மலையாளிகளுக்கு வெட்டுக்கல். கேரளத்தின் அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்து, 1807-ல் வெளியான நூலில் எழுதிய பிரான்சிஸ் புக்கானன் என்பவர்தான், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். மண்ணிலிருந்து வெட்டும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும்.

'இறுகும்னா அப்புறம் என்ன பிரச்னை?' என்று கேட்கலாம். பிரச்னை அதன் உடம்பு முழுக்க இருக்கும் துளைகள். கடற்பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும். கோவாவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதத்தில் சாய்ந்து அடிக்கும் மழை. துளைக்குள் போன ஈரம் பாசியையும் செடியையும் வளர்க்கிறது. வேர் உள்ளே போய்க் கல்லைப் பிளக்கிறது. வெயில் வந்ததும் ஈரம் ஆவியாக, உள்ளே கரைந்திருந்த உப்பு படிகமாகி, கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கிறது.

அதனால்தான் கோவாவில் அந்தக் காலக் கொத்தனார்கள் முக்கியமான சுவர்களை வெறுமனே விடவில்லை. கல் எலும்பு, சுண்ணாம்புப் பூச்சு தோல் என்ற கணக்கில்தான் கட்டினார்கள். பாம் ஜீசஸின் சுவரும் பூசப்படுவதற்காகவே கட்டப்பட்ட சுவர் என்பதுதான் மறுபூச்சு கேட்பவர்களின் முதல் வாதம்.

ஒரு எச்சரிக்கைக் காட்சி பக்கத்திலேயே இருக்கிறது. நடந்து போகும் தூரத்தில் புனித அகஸ்டின் தேவாலயத்தின் இடிபாடுகள். 1830-களில் துறவற சபைகள் வெளியேற்றப்பட்ட பிறகு கைவிடப்பட்டது. 1842-ல் கூரை வளைவு விழுந்தது. 1931-ல் கோபுரத்தின் பாதியும் சரிந்தது. அதற்குப் பூச்சு போனது மட்டும் காரணமில்லை, கவனிக்க ஆளே இல்லாமல் போனதுதான் முதல் காரணம். ஆனாலும் பாதுகாப்பில்லாத லேட்டரைட்டை மழையில் விட்டால் எங்கே போய் முடியும் என்று அந்த ஒற்றைக் கோபுரம் காட்டுகிறது.

சுண்ணாம்பே எதற்கு? நல்ல சிமென்ட் பூசினால் போதாதா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் பெரிய தவறு சிமென்ட்தான்.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டு, தண்ணீரில் நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்தால் காரை கிடைக்கும். சுவரில் பூசியதும் அது காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடை மெதுவாக இழுத்து மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. சூளையில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறுகிறது என்று சொல்லலாம். நம்ம ஊர்ப் பழைய மேஸ்திரிகள் இதில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடி மாதிரி வழவழக்கும் சுவர்களும், 1855-ல் கட்டி முடிக்கப்பட்ட புதுச்சேரி தூய தேவதூதர்களின் அன்னை ஆலயத்தின் முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சும் இதே குடும்பம்தான்.

சுண்ணாம்புக்கும் சிமென்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இப்படிப் பிரிக்கலாம்:

- மூச்சு: சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஈரம் ஆவியாக வெளியேறும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும்.
- இளக்கம்: பழைய சுவர் கொஞ்சம் அசையும். சுண்ணாம்பு கூடவே வளைந்துகொடுக்கும். மயிரிழை விரிசல்களைக் கொஞ்சம் தானே அடைத்தும்கொள்ளும். சிமென்ட் விறைத்து நின்று வெடிக்கும்.
- யார் பலியாவது: சேதம் வந்தால் சுண்ணாம்புப் பூச்சு உதிரும், கல் தப்பிக்கும். கல்லைவிடக் கடினமான சிமென்ட் பூசினால், பூச்சு நிற்கும், பின்னால் இருக்கும் கல் மாவாகும்.

கடைசிப் பாயின்ட்தான் முக்கியம். பூச்சு என்பது பலியாவதற்காகவே போடப்படும் படலம். மழை தின்ன வேண்டியது அதைத்தான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்பது பராமரிப்பே தவிர, தோல்வி இல்லை.

பெயின்டுக்கும் இதே கதைதான். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சுவருக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்டு உள்ளே வியர்க்க வைப்பது மாதிரி. சில ஆண்டுகளில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அபார்ட்மென்ட்டில் ஓதம் அடிக்கும் சுவரில் பெயின்ட் பொரிந்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். பழைய சுவருக்கு ஏற்றது, தண்ணீராகக் கரைத்துப் பல தடவை அடிக்கும் சுண்ணாம்பு வெள்ளை. நிறம் வேண்டுமென்றால் அதிலேயே காவி மண், மஞ்சள் மண் போன்ற கனிம நிறமிகளைக் கலப்பார்கள்.

அப்படியானால் உடனே பூசிவிடலாமே?

இங்கேதான் விவாதம் சூடாகிறது. கோவாவின் கட்டடக்கலை வரலாற்றாளர் விஷ்வேஷ் கண்டோல்கர் உள்ளிட்ட சிலர் மறுபூச்சுக்காகத் தொடர்ந்து பேசிவருகிறார்கள். 2020-ல், மழைக்காலம் நெருங்கியும் கூரை வேலை முடியவில்லை என்று பசிலிக்காவின் அன்றைய பொறுப்பாளரான பாதிரியாரே தொல்லியல் துறைக்கு எழுதிய பிறகு, கட்டடத்தின் நிலை பொதுப் பேச்சானது.

எதிர்த்தரப்பிடமும் வலுவான காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, அடையாளம். பல தலைமுறைகளுக்கு பாம் ஜீசஸ் என்றாலே செந்நிறம். போஸ்ட் கார்டிலும் பாடப் புத்தகத்திலும் அப்படித்தான். யுனெஸ்கோ 1986-ல் பட்டியலில் சேர்த்தபோதும் அது பூச்சில்லாமல்தான் நின்றது. 'எங்க அம்மா கல்யாணத்துக்கு நின்ன சர்ச் இது இல்லையே' என்று ஒரு கோவாக்காரர் சொன்னால், அந்த உணர்வை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இரண்டு, வரலாறு. 1950-களில் நடந்ததும் இந்தக் கட்டடத்தின் வரலாறுதானே? காஸ்ட்ரோ தனக்குப் பிடித்த ஒரு காலத்துக்குக் கட்டடத்தைத் திருப்ப முயன்றார். நாமும் நமக்குப் பிடித்த இன்னொரு காலத்துக்குத் திருப்பினால் அதே தவறைத்தானே செய்கிறோம்? பாதுகாப்புத் துறையின் அடிப்படை ஆவணமான 1964-ன் வெனிஸ் சாசனமும், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்ற கருத்தைத்தான் வலியுறுத்துகிறது.

மூன்று, தொழில்நுட்பம். எழுபது ஆண்டு மழையில் ஊறிய சுவரில் உப்பும் பாசியும் ஏறியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் மேலே பூசினால் பூச்சு நிற்காது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மறுபூச்சு ஆதரவாளர்களின் பதில்: ஊகத்துக்கு இங்கே பெரிய வேலை இல்லை, பூச்சோடு இருந்த தேவாலயத்தின் 19-ம் நூற்றாண்டுப் புகைப்படங்களே இருக்கின்றன. அழகா, அடையாளமா என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கல் கரைந்து போகிறது, அது திரும்பி வராது. பூச்சு பிடிக்கவில்லை என்றால் அடுத்த தலைமுறை எடுத்துக்கொள்ளலாம். சுண்ணாம்புப் பூச்சில் அந்த வசதி இருக்கிறது. கரைந்த கல்லில் இல்லை.

இந்தப் பிரச்னை கோவாவுக்கு மட்டும்தானா?

இல்லை. பிரான்சின் சார்த்ர் பேராலயத்தில் இதே சண்டை வேறு திசையில் நடந்தது. நூற்றாண்டுகளாக மெழுகுவர்த்திப் புகை படிந்து கறுத்திருந்த உட்சுவர்களைச் சுத்தம் செய்து, 13-ம் நூற்றாண்டின் வெளிர் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2014-ல் அமெரிக்க விமர்சகர் மார்ட்டின் ஃபில்லர் அதைக் கடுமையாகச் சாடினார். அந்த மங்கிய இருட்டில்தான் பலருக்குப் பக்தியே இருந்தது. 'நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, அழுக்குக்கு அடியில் இருந்ததைத்தான் காட்டுகிறோம்' என்பது சீரமைத்தவர்களின் நிலைப்பாடு. 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட பாரிஸ் நோத்ர தாம் உள்ளேயும் சுவர்கள் பளிச்சென்று மாறியிருக்கின்றன.

சார்த்ரில் மக்கள் கறுப்புக்குப் பழகியிருந்தார்கள், கோவாவில் சிவப்புக்கு. இரண்டு இடத்திலும் கட்டியவர்கள் நினைத்த நிறம் வேறு.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சார்த்ரின் கேள்வி பெரும்பாலும் கண்ணுக்கானது. பாம் ஜீசஸில் அது சுவரின் ஆயுளையும் சேர்த்தே தொடுகிறது.

முடிவெடுப்பது யார்?

1958-ன் பழமைவாய்ந்த நினைவுச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால், தொல்லியல் துறையைக் கேட்காமல் யாரும் ஒரு வாளி சுண்ணாம்புகூட அடிக்க முடியாது. உலகப் பாரம்பரியச் சின்னத்தின் தோற்றத்தை மாற்றும் பெரிய வேலை என்றால், யுனெஸ்கோவுக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். உள்ளே வழிபாட்டை நடத்தும் திருச்சபையின் சம்மதமும் நடைமுறையில் அவசியம்.

சரியான வரிசையில் செய்தால் இந்த வேலை இப்படித்தான் நகர வேண்டும்:

1. ஒவ்வொரு சுவரையும் அளந்து, படமெடுத்து, சேதத்தைப் பதிவுசெய்வது.
2. முதலில் கூரை, ஓடு, மழைநீர் வடிகால். மேலிருந்து ஒழுகும் வரை சுவரில் என்ன செய்தாலும் வீண்.
3. செடி, வேர், உப்பு, பழைய சிமென்ட் ஒட்டுக்களை அகற்றுவது.
4. மூலைமுடுக்கில் ஒட்டியிருக்கும் பழைய பூச்சின் துணுக்குகளை ஆய்வகத்தில் சோதித்து, கலவையையும் நிறத்தையும் கண்டுபிடிப்பது.
5. கண்ணில் அதிகம் படாத ஒரு சுவரில் சிறிய பகுதியை மட்டும் பூசி, ஒரு முழு மழைக்காலம் காத்திருந்து பார்ப்பது.
6. அதன் பிறகே முழுச் சுவரைப் பற்றிய முடிவு.

ஐந்தாவது படியில்தான் ஒரு நடுவழி இருக்கிறது. 'முழுசா பூசு', 'தொடவே தொடாதே' என்று இரண்டு முனையில் நிற்காமல், மழை நேரடியாக அறையும் பக்கச் சுவர் ஒன்றில் சோதித்துப் பார்க்கலாம். முகப்பின் அலங்காரங்களுக்கு வசாயிலிருந்து கொண்டுவந்த கருநிறக் கல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது லேட்டரைட்டைப் போல மழைக்குக் கரைவதில்லை. ஆகவே முகப்பும் பக்கச் சுவர்களும் ஒரே மருந்தைக் கேட்கும் நோயாளிகள் இல்லை, தனித்தனியாகத்தான் யோசிக்க வேண்டும்.

சரி, இதில் நமக்கு என்ன?

உங்கள் சொந்த ஊரில் ஒரு பழைய சர்ச்சோ, கோயிலோ, தாத்தா கட்டிய வீடோ இருக்கும். திருவிழாவோ கல்யாணமோ வரும். 'நம்ம பசங்க எல்லாம் நல்ல வேலைல இருக்காங்க, ஆளுக்கு கொஞ்சம் போட்டு புதுசு மாதிரி பண்ணிடலாம்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வரும். நீங்களும் ஜிபே செய்வீர்கள். அனுப்புவதற்கு முன் நான்கே நான்கு கேள்வி கேளுங்கள்:

- இந்தச் சுவர் எந்தக் கல், எந்தக் கலவையால் கட்டியது என்று யாராவது பார்த்தார்களா?
- பூசப்போவது சுண்ணாம்பா, சிமென்டா? அடிக்கப்போவது எமல்ஷனா, சுண்ணாம்பு வெள்ளையா?
- ஓதத்துக்கும் ஒழுகலுக்கும் காரணத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் பெயின்ட்டுக்குப் போகிறார்களா?
- வேலை தொடங்கும் முன் எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறார்களா?

குரூப்பில் கொஞ்ச நேரம் அமைதி நிலவலாம். 'பெரிய இன்ஜினியர் வந்துட்டார்' என்று ஒரு சித்தப்பா கிண்டலும் செய்யலாம். பரவாயில்லை. பழைய கோவாவில் 1950-களில் சாரம் கட்டி நின்றவர்களிடம் இந்தக் கேள்விகளை யாராவது அழுத்திக் கேட்டிருந்தால், இன்று இந்த விவாதமே தேவைப்பட்டிருக்காது.

அடுத்த முறை கோவா போகும்போது பாம் ஜீசஸின் முன்பக்கம் செல்ஃபி எடுத்த பிறகு, அப்படியே பக்கவாட்டுச் சுவர் வரை ஒரு நடை போய்ப் பாருங்கள். கல்லில் கைவைக்க வேண்டாம், பார்த்தாலே போதும். எந்தக் கல் முழுதாக இருக்கிறது, எது குழிந்து உதிர்ந்திருக்கிறது என்று இப்போது உங்களுக்கே தெரியும். பூச வேண்டுமா, வேண்டாமா என்பதை அதன் பிறகு நீங்களே சொல்லுங்கள்.